படுக்க வைத்த பாட்டில்

அந்தப் பாட்டிலை நிமிர்த்தி வைக்காதேம்மா. படுக்க வை. அப்படி இல்லை, லேபிள் மேலே தெரிகிற மாதிரி. ஆங். வெயில் படாமல் அந்த பீரோ நிழலுக்குக் கொஞ்சம் தள்ளு. நிமிர்த்தி வைக்கிறதுக்கென்று ஒரு நாள் உண்டு, திறக்கிறதுக்கு முந்தின நாள். அடியில் தங்கின மண்டி இறங்கட்டும் என்று வைக்கிறது. அது நாளைக்கு. இன்றைக்கு அது படுத்துத்தான் இருக்கணும்.

உன் பேர் என்னம்மா? சட்டையில் குத்தியிருக்கிறதைக் கண்ணாடி இல்லாமல் படிக்க முடியவில்லை. தமயந்தியா? நல்ல பேரு. நான் அமலோற்பவம். பாண்டிச்சேரி.

நீ நல்ல பிள்ளை. பஸ்ஸில் அத்தனை பேர் முன்னாடி கூடையைக் கிளறினபோதுகூட மெதுவாகத்தான் கிளறினாய். என் ஜெபமாலையைத் தனியாக எடுத்து வைத்தாய். உன்கூட வந்த போலீஸ் தம்பிதான் கத்தினார். "ஆயா ஃபாரின் சரக்கு வச்சிருக்குடா! மாதா கோயிலுக்கு நடந்து போறவன்லாம் முட்டாளுங்க, ஆயா மாதிரி பறந்து போவணும்!" பஸ்ஸே சிரித்தது. காவித் துணி கட்டிக்கொண்டு வேண்டுதலுக்குப் போகிற ஜனம், அதுவும் சிரித்தது. சிரிக்கட்டும். எனக்கு அதெல்லாம் பழக்கம்.

கீழே இறக்கி இந்தச் செக்போஸ்டுக்குக் கூட்டிவரும்போது என் காதோரம் நீ சொன்னாய் பார், அதற்குத்தான் பதில் சொல்லணும். "பெரியம்மா, உங்களுது இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. சீட்டுக்கு அடியில கேட்பாரில்லாம கிடந்துச்சுன்னு எழுதிக்கறேன். அடுத்த பஸ்ல நானே ஏத்தி விடறேன்." இரக்கப்பட்டுத்தான் சொன்னாய். கர்த்தர் உனக்கு நல்லது செய்வார். ஆனால் அது மட்டும் என் வாயில் வராது.

சட்டம் எனக்குப் புரிகிறது. ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம், பாண்டிச்சேரியில், இது பாட்டில். இந்தப் பக்கம், தமிழ்நாட்டுக்குள் வந்தால் குற்றம். சரி, குற்றம் என்று எழுது. உடைக்கணும் என்றால் அது உங்கள் இன்ஸ்பெக்டர் ஐயா பாடு. ஆனால் என்னுடையது இல்லை என்று சொல்லச் சொல்லாதே. நான் எதிர்த்துப் பேசுகிற பெண்பிள்ளை இல்லை தமயந்தி. நீ யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார். அறுபத்தாறு வயசாகிறது, இதுவரைக்கும் யாரிடமும் குரல் உயர்த்தினது கிடையாது. இன்றைக்கும் உயர்த்தமாட்டேன். உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தே சொல்கிறேன், அது என்னுடையது.

ஐயா பதினோரு மணிக்கு வருவாரா? வரட்டும். அதுவரைக்கும் கேள். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

நான் முசியே சவரிராயன் வீட்டில் இருபத்து நாலு வருஷம் சமையல். முசியே என்றால் பிரெஞ்சில் ஐயா, வெள்ளைக்காரர் என்று நினைக்காதே, நம்ம ஆள்தான், கறுப்பு. பிரெஞ்சுக் குடியுரிமை. பிரான்ஸில் பொர்தோ என்று ஒரு ஊர், அங்கே துறைமுகத்தில் முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்துவிட்டு வந்தவர். அந்த ஊரில் ஒயின்தான் விளைச்சல். நம்ம ஆட்கள் ஓய்வு பெற்று வரும்போது டிவி கொண்டுவருவார்கள், சென்ட் கொண்டுவருவார்கள். அவர் மரப்பெட்டி பெட்டியாக ஒயின் கொண்டுவந்தார். கல்யாணம் கிடையாது. பிள்ளை குட்டி கிடையாது. ஒயின்தான்.

நம்ம ஊர் வெயிலில் ஒயினை வைத்துக் காப்பாற்றுவது என்ன லேசா? மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை, ஜன்னல் இல்லாதது, ஒன்றரை முழச் சுவர். அதுதான் அதற்கு வீடு. ஏசி ஓடும். கரண்ட் போனால் ஏசி எங்கே ஓடும்? மே மாதத்தில் நான்தான் ஓடுவேன். வெட்டிவேர்த் தட்டியை நனைத்துக் கதவில் கட்டுவேன். தரையில் ஆற்று மணல் பரப்பி, காலையில் ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம் தண்ணீர் தெளிப்பேன். மணல் காய்ந்தால் கார்க்கு காயும், கார்க்கு காய்ந்தால் காற்று உள்ளே போகும், காற்று போனால் போயிற்று, புளித்துக் காடியாகிவிடும். அதனால்தான் படுக்க வைக்கிறது. உள்ளே இருக்கிறது கார்க்கை நனைத்துக்கொண்டே இருக்கணும். இருட்டு வேணும், குளிர்ச்சி வேணும், ஆடக்கூடாது. பச்சைப்பிள்ளையைத் தூங்கப் போட்ட வீடு மாதிரி. வெறுங்காலோடுதான் உள்ளே போவேன். கன்னத்தைச் சுவரில் வைத்துப் பார்ப்பேன். சூடு எவ்வளவு என்று எனக்குத் தெரியும், முசியேவுடைய மீட்டர் அப்புறம்தான் சொல்லும். அங்கேயே உட்கார்ந்து ஒரு ஜெபமாலை சொல்லிவிடுவேன். அவ்வளவு அமைதி, கோயிலில்கூடக் கிடைக்காது.

குடிப்பாயா என்று கேட்கிறாயா? கேள், எல்லாரும் கேட்டதுதான்.

என் வீட்டுக்காரர் சந்தியாகு சாராயத்திலேயே போனவர். அவர் உயிரோடு இருந்த காலத்தில், பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்குப் போய், அந்த மணல் பாதையில் முட்டிபோட்டு நடந்து மாதாவிடம் சொன்னேன். தாயே, அவர் நிறுத்தட்டும், கிறிஸ்மஸுக்குக் குடிக்கிற ஒரு வாய் இனிப்பு ஒயினைக்கூட விட்டுவிடுகிறேன், என் தொண்டையில் ஒரு சொட்டு இறங்காது. அவர் நிறுத்தவில்லை. மாதா கேட்காமலா இருந்திருப்பாள்? அவருக்குத்தான் காது கேட்கவில்லை. போய்ச் சேர்ந்தார். ஆனால் நான் கொடுத்த வாக்கு கொடுத்த வாக்கு. இன்றுவரைக்கும் ஒரு சொட்டு இறங்கினது இல்லை.

இதைக் கேட்டுக்கொண்டு நீ அந்தப் பாட்டிலைப் பார்க்கிறாய். இரு, சொல்கிறேன்.

முசியேவுக்கு ஒரு காய்ச்சல் வந்தது, பன்னிரண்டு பதிமூன்று வருஷம் முன்னாடி. பிழைத்து எழுந்தார். ஒரு நாள் காலை பால் பொங்கித் தீய்ந்து வீடே நாறுகிறது, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். "முசியே, வாசனை வரலையா?" என்றேன். நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். எழுந்து போய் ஒரு பாட்டிலைத் திறந்தார், காலை எட்டு மணிக்கு. கிளாஸில் மூக்கை விட்டார். ஒரு வாய் குடித்தார். அப்படியே வைத்துவிட்டு, "தண்ணி" என்றார். தண்ணீர் கேட்கிறார் என்று கொண்டுபோனேன். "இல்ல அமலோற்பவம், இது எனக்குத் தண்ணி மாதிரி இருக்கு" என்று சொல்லி அழுதார். நல்ல பெரிய மனுஷர் அழுதால் பார்க்க முடியாதும்மா.

மூக்கு போயிற்று. டாக்டர் ஞானப்பிரகாசம்தான் பார்த்தார். திரும்ப வராது என்று சொல்லிவிட்டார்.

ஒரு வாரம் கழித்து முசியே என்னைக் கூப்பிட்டார். "நீ ருசி பார்த்துச் சொல்லு. ரசத்துல உப்பு இல்லன்னா வாசனையிலயே சொல்ற, இதைச் சொல்லமாட்டியா?" நான் வாக்கைச் சொன்னேன். "முழுங்க வேணாம். வாயில வச்சுட்டுத் துப்பு. அங்க பெரிய பெரிய ஆளுங்களே துப்பத்தான் செய்யறான்." ஃபாதர் இஞ்ஞாசியிடம் போய்க் கேட்டேன். சிரித்தார். "துப்பறது குடிக்கறதுல சேராதும்மா. ஆனா துப்பறப்ப ரொம்ப வருத்தப்படாத" என்றார். அவர் தமாஷுக்குச் சொன்னார். வருத்தம் எனக்கு இருந்தது என்னவோ உண்மைதான்.

முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. மை குடித்த மாதிரி இருந்தது. பச்சை வாழைக்காய்த் தோலைக் கடித்தால் நாக்கு இழுத்துப் பிடிக்குமே, அப்படி ஒரு துவர்ப்பு. "அதுதான், அதுதான்! அது இளசு, அதனால பிடிக்குது" என்று குதித்தார். "வேற?" என்றார். கண்ணை மூடினேன். நாவல்பழம் என்றேன். "வேற?" என் பையன் பஸ்கால் பள்ளிக்கூடம் போகும்போது பென்சில் சீவுவான் இல்லையா, அந்தச் சுருள் மரத்தூள் வாசனை. முசியே பேனாவைக் கீழே போட்டுவிட்டார். "என்ன சொன்ன? திரும்பச் சொல்லு!" பென்சில் சீவின தூள் என்றேன். அங்கே பெரியவர்கள் எழுதின புத்தகத்திலேயே அப்படித்தான் இருக்கிறதாம். எனக்கு எப்படித் தெரியும்? நான் எட்டாவது.

அப்புறம் தினம் ஒன்று என்று இல்லை, மாதத்துக்கு ஒன்று இரண்டு. மழை பெய்து காய்கிற சிமெண்டுத் தரை. என் மாமியாருடைய பழைய ஜெபப் புத்தகத்துத் தோல் அட்டை. சாம்பிராணி அணைந்து அரை மணி கழித்துக் கோயில். பிரிக்காத புகையிலைக் கட்டு. நான் தமிழில் சொல்லச் சொல்ல, அவர் நீல அட்டை நோட்டில் பிரெஞ்சில் எழுதுவார். "வேற? வேற?" பன்னிரண்டு வருஷம். மூன்று நோட்டு.

எது எதோடு போகும் என்பதும் நான் கண்டதுதான். அவர் பிரான்ஸில் சாப்பிட்ட மாதிரி ஆட்டுத் தொடையை வேகவைத்து வை என்பார். வைத்தேன், சப்பென்று இருந்தது. நானாகப் பார்த்துப் பார்த்து ஒன்று கண்டேன். மிளகாய்த்தூள் ஒயினுக்குச் சத்துரு. புளி போட்டால் தகரத்தை நக்கின மாதிரி ஆகிவிடும். மீனோடு வேண்டவே வேண்டாம். அதனால் வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் கறியும் கிடையாது, பாட்டிலும் கிடையாது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒறுத்தல். வாத்துதான் சரி. சின்ன வெங்காயத்தை நெய்யில் ஒரு மணி நேரம் வதக்கி, தாளிக்கிற வடவம் ஒரு உருண்டை உதிர்த்து, மிளகு தட்டிப்போட்டு, வாத்தைச் சொந்தக் கொழுப்பிலேயே மெதுவாக வேகவிடணும். ஒரு வாய் வாத்து, ஒரு வாய் ஒயின். அந்தத் துவர்ப்பு போய்க் கொழுப்பைத் துடைக்கும், கொழுப்பு போய்த் துவர்ப்பை மெழுகும். முசியே வாசனை தெரியாமலேயே தலையை ஆட்டிச் சாப்பிடுவார். உன் மேசையில் இருக்கிறதே என் டிபன் கேரியர், மேல் அடுக்கில் அதுதான். நீ அதைத் திறந்து மோந்து பார்த்தபோதே உன் முகம் மாறினது. நான் பார்த்தேன்.

வருஷா வருஷம் ஜூலை பதினாலாம் தேதி, பிரான்ஸ் தேசிய நாள், பிரெஞ்சுக்காரர்கள் கொடி ஏற்றின பிறகு, மத்தியானம் எட்டுப் பேர் அவர் வீட்டில் சாப்பிடுவார்கள். எல்லாரும் ஒயின் பைத்தியம். ஒவ்வொருத்தரும் தன் நோட்டைப் படிப்பார்கள். முசியே படிக்கும்போது கை தட்டல் சமையல்கட்டு வரைக்கும் கேட்கும். எனக்குப் பிரெஞ்சு பேச வராது, ஆனால் இத்தனை வருஷம் கேட்டதில் பென்சிலுக்கு என்ன சொல்வார்கள் என்று தெரியும். அந்த வார்த்தை வரும்போது நான் அடுப்படியில் நின்றுகொண்டு சிரித்துக்கொள்வேன். பெருமை எல்லாம் இல்லை. பெருமை பாவம்.

ஒரு தரம் கேட்டேன், சும்மா. "முசியே, இதுல எங்கயாவது என் பேர் இருக்கா?" அவர் சிரித்தார். "இது ஒயின் நோட்டு அமலோற்பவம், ரேஷன் கார்டு இல்ல." நானும் சிரித்தேன். நல்ல மனுஷர். தவறாமல் கிறிஸ்மஸுக்குச் சேலை எடுத்துக் கொடுப்பார். அவர் பேரில் எனக்கு ஒரு குறையும் கிடையாது. அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

இப்போது இந்தப் பாட்டில். டிசம்பர் எட்டு, அமலோற்பவ மாதா திருநாள், என் பேர்கொண்ட நாள். ஆறு வருஷம் முன்னாடி. என் மகள் ரோஸ்லின் பிறந்த வருஷத்து ஒயின், இரண்டே இரண்டு பாக்கி இருந்தது. ஒன்றைத் திறந்தார். தாயே, என்ன சொல்வேன். நான் வாயில் வைத்தேன். "வேற? வேற?" என்கிறார், நான் பேசினால்தானே. துப்பினேன். துப்பும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைப் பார்த்தாரோ என்னவோ, எழுந்துபோய் இன்னொன்றை எடுத்துவந்து என் கையில் படுக்க வைத்த மாதிரியே கொடுத்தார். "இது உனக்கு. இன்னும் ஆறு வருஷம் தூங்கட்டும். அதுக்கு மேல வச்சா ருசி இறங்கிடும். அப்பத் திற." அப்புறம் ஒன்று சொன்னார். "அன்னிக்குத் துப்பாதே."

ஆறு வருஷம் என் கட்டிலுக்கு அடியில், பெரிய மண்பானையில் ஈர மணல் போட்டு, சாய்த்துப் படுக்க வைத்து, தினம் தண்ணீர் தெளித்து வைத்திருந்தேன். கோழி அடைகாக்கிற மாதிரி. அந்த ஆறு வருஷம் இந்த வருஷத்தோடு முடிகிறது. முசியே போன நவம்பரில் இறந்துபோனார்.

இனிமேல்தான் நான் சொல்லவேண்டியது.

அவர் அண்ணன் மகன் ஒலிவியே பாரிஸிலிருந்து வந்தார். சித்தப்பா மாதிரி இல்லை இவர், முதலில் வீட்டைப் பூட்டினார், அப்புறம்தான் கல்லறைக்குப் போனார். போகட்டும், தீர்ப்பிடக்கூடாது. மூன்று நோட்டையும் புத்தகமாக அச்சடிக்கப்போகிறாராம், முன்பக்கம் முசியே படம். இந்த ஜூலை பதினாலுக்கு அவர் நினைவாக விருந்து. நான் சமையல். என் பிள்ளை பஸ்கால் பரிமாற வந்தான். பஸ்காலுக்கு வயது முப்பத்தெட்டு, பாரிஸ் போகணும், ஒலிவியே ஒரு கடிதம் கொடுத்தால் விசா கிடைக்கும். அதற்காகத்தான் அந்த வெள்ளைச் சட்டை, அந்தத் தட்டு.

வாத்து வைக்கட்டுமா என்றேன். "வேணாம், பிரியாணி சொல்லியாச்சு" என்றார் ஒலிவியே. பிரியாணி! மிளகாய் மணக்கிற பிரியாணியோடு அந்த ஒயின்! சரி என்றேன். முசியே வைத்திருந்ததில் நல்லதாக ஒன்றைத் திறந்தார்கள். நான் தட்டோடு வாசலில் நிற்கிறேன், அங்கேயே எனக்கு வந்துவிட்டது. ஈரச் சாக்கு நாற்றம். மழையில் நனைந்து மூலையில் கிடந்த சாக்கு. கார்க்கு கெட்டுப்போன பாட்டில். எத்தனை நல்ல ஒயினாக இருந்தாலும் சில பாட்டில் அப்படிப் போகும், யார் குற்றமும் இல்லை. கொட்டிவிட்டு வேறு திறக்கணும். இவர்கள் என்ன செய்தார்கள்? ஒலிவியே நோட்டைத் திறந்து, இதே ஒயினுக்கு நான் சொன்னதைப் படிக்கிறார். நாவல்பழம் என்கிறார், எல்லாரும் ஆமாம் ஆமாம் என்கிறார்கள். பென்சில் என்கிறார், ஆகா என்கிறார்கள். சாக்குத் தண்ணியைக் குடித்துக்கொண்டு, அம்மாடி!

டாக்டர் ஞானப்பிரகாசம் ஒருத்தர்தான் முகத்தைச் சுளித்தார். கிளாஸைக் கீழே வைத்தார். தமிழில்தான் பேசினார். "எனக்கு என்னவோ சாக்கு நாத்தம் அடிக்குது. அது கிடக்கட்டும். சவரிக்கு மூக்கு போய்ப் பன்னண்டு வருஷம் ஆச்சு, நான்தான் பார்த்தேன். இந்த நோட்டுல இருக்கற தேதி எல்லாம் அதுக்கு அப்புறம். இதை ருசி பார்த்தது யாரு?"

 அவர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். "அமலோற்பவம், நீ சொல்லு. இந்தப் பாட்டில் எப்படி இருக்கு? உனக்கு என்ன வாசனை வருது?"

ஒலிவியே சிரித்தார். "என்ன டாக்டர், சித்தப்பாவோட ஒயின வேலைக்காரி குடிச்சுட்டிருந்தான்னு சொல்றீங்களா?"

நான் பஸ்காலைப் பார்த்தேன். அவன் தட்டைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். அம்மா, வேண்டாம். அந்தப் பார்வை.

"எனக்கு ஒண்ணும் தெரியலீங்க டாக்டர். எனக்கு அந்த வாடையே ஆகாது" என்றேன்.

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பிரியாணியை எடுத்துப்போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை முதல் பூசைக்குக் கிளம்பும்போது எங்கள் தெருவில் சேவல் ஏதம்மா, குப்பை வண்டிதான் மணி அடித்துக்கொண்டு வந்தது. அந்த மணியைக் கேட்டதும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். எண்ணிப் பார்த்தேன். முதல் தரம், கோயிலில் மரியாயின் சேனைக் கூட்டத்தில் ஜெயசீலி அக்கா என் முந்தானையை மோந்துவிட்டு, "என்னடி, வாசனை பலமா இருக்கு, ஒயின் தொட்டியா?" என்றபோது, இல்லவே இல்லை என்றேன். இரண்டாவது, ரோஸ்லின் நிச்சயத்தில் சம்பந்தியம்மா, "சரக்குக் கிடங்கு உங்க பொறுப்பாமே?" என்றபோது, ஐயோ இல்லைங்க, வெறும் சமையல்தான் என்றேன். மூன்றாவது இது. பேதுரு சேவல் கூவுகிறதுக்குள் ஆண்டவரை மூன்று தரம் தெரியாது என்றார். நான் என்னையே மூன்று தரம் தெரியாது என்றேன். அவர் வெளியே போய் மனம் கசந்து அழுதார். நான் அழவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. வாழ்நாளில் முதல் தரம். ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லணும் என்று நினைத்தேன், இன்னும் சொல்லவில்லை.

அதற்கு அப்புறம் பஸ்கால் என் கட்டிலுக்கு அடியில் பெட்டி எடுக்கப்போனவன் பானையைப் பார்த்துவிட்டான். ரோஸ்லின் பிறந்த வருஷத்துப் பாட்டில் ஒன்று கணக்கில் குறைகிறதே என்று ஒலிவியே கேட்டுக்கொண்டிருந்தாராம். இவன் "கிடைச்சுருச்சு, அம்மா வரட்டும், எட்டாம் தேதி ஞாயித்துக்கிழமை கொண்டாறேன்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். சொல்லிவிட்டு அதை எங்கே வைத்தான் தெரியுமா? ஷோகேஸில். டிவிக்கு மேலே, குழந்தை இயேசு பக்கத்தில், நட்டுக்க நிமிர்த்தி, சுற்றிலும் சீரியல் லைட்டு! நான் ரோஸ்லின் வீட்டுக்குக் காரைக்கால் போயிருந்தேன், இரண்டு வாரம். திரும்பி வந்து பார்க்கிறேன், மினுக்கு மினுக்கு என்று எரிகிறது. அந்த லைட்டுச் சூட்டில். அழகா இருக்கும்னு வச்சேம்மா என்கிறான். திட்டவில்லை. அவன் நல்ல பிள்ளை. அவனுக்கு இருட்டில் வைத்துக் காக்கிறது என்றால் என்னவென்று தெரியாது, அவ்வளவுதான். நான் எங்கே வீட்டில் இருந்தேன் சொல்லிக்கொடுக்க?

"இது முசியே எனக்குக் கொடுத்ததுடா" என்றேன். "யாரும்மா நம்புவா? எழுதிக் கொடுத்தாரா? தெரியாம நம்ம சாமான்கூட வந்துடுச்சுன்னு சொல்லி நீயே கையில குடுத்துடு. உன்னுது இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லு, என் லெட்டர் வந்துடும்."

பார்த்தாயா? நாலாவது தரம். பேதுருவையே மூன்று தரத்தோடு விட்டுவிட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாளை மறுநாள். செப்டம்பர் எட்டு, மாதா பிறந்தநாள். நான் நேற்றே வாத்து வாங்கி வடவம் போட்டுச் சமைத்துவிட்டேன், கொழுப்பில் கிடந்தால் மூன்று நாள் தாங்கும். இன்றைக்குக் காலை கூடையோடு முதல் பூசைக்குப் போய், முடிந்ததும் வீட்டுக்குக்கூடப் போகாமல் பஸ் ஏறினேன். வேளாங்கண்ணியில் அறை எடுத்து, நாளைக்கு முழுக்க அதை நிமிர்த்தி வைத்து, எட்டாம் தேதி மாதாவிடம் போய்ச் சொல்லப்போகிறேன். தாயே, உன்னிடம் கொடுத்த வாக்கை முப்பத்து மூன்று வருஷம் காப்பாற்றினேன். ஒரு வாய். ஒரே ஒரு வாய் முழுங்கிக்கொள்கிறேன். நீ கானா ஊர்க் கல்யாணத்தில் ஒயின் தீர்ந்துபோயிற்று என்று மகனிடம் போய்ச் சொன்னவள். உனக்குத் தெரியாதா?

சரி. நீ பேனாவை மூடிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். திற. எழுது.

பெயர், அமலோற்பவம். கணவர் பெயரா? அது எதற்கும்மா? அவர் பேர் இந்த மாதிரிப் புத்தகத்தில் ஏற்கெனவே நிறைய இடத்தில் இருக்கும். சரி, கட்டம் காலியாக இருக்கக்கூடாது என்றால் எழுது, சந்தியாகு. கைப்பற்றிய பொருள் என்று இருக்கிறதே, அங்கே வெறும் "மது, ஒரு பாட்டில்" என்று எழுதிவிட்டு நிறுத்தாதே. நான் சொல்வதை எழுது. சிவப்பு ஒயின். பொர்தோ. என் மகள் பிறந்த வருஷம், தொண்ணூறு. முதலில் நாவல்பழம், பழுத்தது, வெயிலில் வாடினது. அப்புறம் பென்சில் சீவின தூள். தோல் அட்டை ஜெபப் புத்தகம். கடைசியில் சாம்பிராணி, அணைந்து அரை மணி கழித்து. துவர்ப்பு படுத்துவிட்டது, நாக்கைப் பிடிக்காது. எழுதினாயா? படித்துக் காட்டு.

ஆமாம். அப்படித்தான். இத்தனை வருஷத்தில் முதல் தரம் என் பேரும் ஒயினும் ஒரே பக்கத்தில் இருக்கிறது பார். போலீஸ் புத்தகமாக இருந்தால் என்ன?

சாட்சி உண்டா என்கிறாய். என் நாக்குதான் சாட்சி. இதன் கூடப்பிறந்ததை ஆறு வருஷம் முன்னாடி ருசி பார்த்த நாக்கு. ஐயா வந்து இதைக் கொட்டணும் என்றால் உடைக்கவேண்டாம், கார்க்குத் திருகி என் கூடையிலேயே இருக்கிறது, திறந்து கொட்டட்டும். கொட்டுகிறதுக்கு முன்னாடி மோந்து பார்க்கட்டும். நான் சொன்ன வாசனை இருந்தால் இது என்னுடையது. இல்லை என்றால், ஷோகேஸ் சூட்டில் அது கெட்டுப்போயிருக்கலாம், காடியாகியிருக்கலாம், மறைக்காமல் சொல்கிறேன். கெட்டிருந்தாலும் என்னுடையதுதான்.

கைநாட்டு வேண்டாம், கையெழுத்தே போடுவேன். எங்கே, இங்கேயா? அ-ம-லோ-ற்-ப-வ-ம். கட்டத்துக்கு வெளியே போய்விட்டது, பரவாயில்லை, நீளமான பேரு.

ஜீப் சத்தமா அது? நீ பயப்படாதே, நீ சொன்னதை நான் யாரிடமும் சொல்லமாட்டேன். தலைமுடியைச் சரிசெய்துகொள். டிபன் கேரியர் மேல் அடுக்கை மட்டும் மூடி வை, வாத்தில் ஈ உட்காரும். ஜெபமாலையைக் கொடு. முந்தானையைப் போர்த்திக்கொள்கிறேன்.

இப்போது எடுத்து மேசை நடுவில் நிமிர்த்தி வைம்மா. பரவாயில்லை, ஒரு நாள் முன்னாடியே நிற்கட்டும். யாருதுன்னு அவர் கேட்கட்டும்.